வாய், மடை, வக்கடை

முழங்காலுக்குக் கீழே சேறு. தலையில் கடையில் பாண் வாங்கிய பிளாஸ்டிக் பை. கையில் சோற்றுக் கரண்டி.

ஆவணி மாதத்துப் பின்னேரம். ஒஸ்லோவில் அந்த நேரத்தில் நல்ல வெளிச்சம் இருக்க வேண்டும். வானமோ சட்டிக்கரி போலக் கறுத்துக் கிடந்தது. மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. நான் எங்கள் அம்மருட் குடியிருப்பின் முன்வளவில் முழந்தாளிட்டு, கரண்டியால் மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது நாலாம் மாடி யன்னலில் இருந்து ஒருவர் என்னைப் பார்த்துக் கத்தினார்.

"மடையா! மடையா!"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பேரப்பிள்ளை கண்ட பெண்ணை, அதுவும் குடியிருப்புச் சங்க நிர்வாகத்தில் இருக்கிறவளை, ஊர் பார்க்க மடையன் என்பதா? சொல்லத்தான் வேண்டுமென்றால் மடைச்சி என்றாவது முறையாகச் சொல்லக்கூடாதா?

திருப்பிக் கொடுக்க வாயைத் திறந்தேன். அதற்குள் கீழே படிக்கட்டின் அடியிலிருந்து யோகத்தின் குரல் வந்தது.

"வசந்தி, கெதியாக் கிண்டு கா! தண்ணி கடைசிப் படிக்கு வந்திட்டு!"

கடைசிப் படியை ஒட்டித்தான் அவளுடைய வாசற்கட்டு. அந்தக் கட்டைத் தண்ணீர் தாண்டினால் யோகம் என்னை விட்டுப் போய்விடுவாள். அதனால் மடையன் பட்டத்தை அப்போதைக்கு ஏற்றுக்கொண்டு கிண்டினேன்.

யோகம் யார்?

இந்தத் தொடரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக யோகத்தை எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். யோகம் மட்டக்களப்பு, நான் யாழ்ப்பாணம். நோர்வேக்கு வந்த புதிதில் மொழி வகுப்பில் ஒரே வாங்கில் இருத்தினார்கள். நோர்வேஜிய மொழி படிக்கப் போன இடத்தில் நாங்கள் முதலில் ஒருவர் தமிழை ஒருவர் படித்தோம். அவள் "மறுகா" என்றால் எனக்கு விளங்காது. நான் "பேந்து" என்றால் அவள் சிரிப்பாள். இரண்டுக்கும் பொருள் 'பிறகு' என்பதுதான். என்னோடு பேசும்போது வாய்க்கு வாய் ஒரு 'கா' போடுவாள், அது எங்கள் 'அடி' மாதிரி.

பிறகு அம்மருட்டில் ஒரே கட்டடத்தில் வீடு கிடைத்தது. எனக்கு இரண்டாம் மாடி. அவளுக்குக் கீழ்வீடு, நிலத்துக்குள் பாதி இறங்கியது. வெளியில் இருந்து சில படிகள் இறங்கித்தான் கதவைத் தட்ட வேண்டும். சனிக்கிழமை காலையில் நான் அந்தப் படிகளில் இறங்காத நாட்கள் குறைவு. அவள் தேநீர் போடுவாள், நான் கதைப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று எல்லாரும் சொல்வார்கள். அவள் ஒருத்திதான் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

அந்த வீட்டுக்குள் இரண்டு கோடைகளில் இரண்டு தரம் தண்ணீர் புகுந்தது. முதல் தரம் கம்பளம் போயிற்று. இரண்டாம் தரம் மின்சாரம் நின்று, பெரிய ஃபிரீசர் நிறைய வைத்திருந்த கணவாயும் இறாலும் விளைமீனும் பழுதாகின. அவள் மகள் வீட்டுக்குப் போயிருந்த கிழமை அது. திரும்பிவந்து கதவைத் திறந்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். அந்த மணத்தைப் பற்றி இங்கே எழுதினால் இந்த வாரப் பத்திரிகையை யாரும் கையால் தொடமாட்டீர்கள்.

அன்றைக்கு மகள் சுகன்யா ஒரே போடாகப் போட்டாள். "அம்மா, இன்னொருக்கா தண்ணி வந்தா நீங்க இங்க இருக்க ஏலாது. ஸ்ட்ரோம்மனில எங்கட பக்கத்தில மூண்டாம் மாடி வீடு பாக்கிறன்."

யோகம் தலையாட்டினாள். "ஓம் கா, மூண்டாந்தரம் வந்தா நான் போறன்," என்று என்னிடமும் சொன்னாள். ஸ்ட்ரோம்மன் ஒன்றும் சீமை கடந்த இடமில்லை, ரயிலில் போய்வரலாம். ஆனால் ரயிலேறிப் போய்க் குடிக்கிறதற்குப் பெயர் தேநீர் இல்லை, விருந்து. எனக்கு அவள் போவது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அழுதும் பார்த்தேன். அவள் எனக்கு ஒரு துவாயை எடுத்துத் தந்தாள், அவ்வளவுதான்.

பாலைவனத்தில் நனைந்தவர்

அந்த நாட்களில்தான் நாலாம் மாடிக்குச் செந்தில் குடிவந்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. மழைநீர் போகிற குழாய்களைத் திட்டமிடுகிற பொறியாளர். சங்கக் கூட்டத்துக்கு அவரை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். போகிற வழியில் அவர் கேட்டார்.

"அக்கா, இங்க வெள்ளம் வருமா?"

"ஓம், சும்மா தூறினாலே முன்னுக்கு வெள்ளம் நிக்கும்."

அவர் நடையை நிறுத்திவிட்டார். "தூறினாலேவா? ஆளை அடிச்சிட்டுப் போற அளவுக்கா?"

"சீச்சீ! செருப்பு நனையிற அளவுக்கு."

அவர்கள் ஊரில் வெள்ளம் என்றால் ஆறு கரையுடைத்து ஊருக்குள் வருவதாம். எங்களுக்கு முற்றத்தில் தேங்கினாலும் வெள்ளம்தான். இதைப் பேசித் தீர்ப்பதற்குள் கூட்டத்தில் பாதி முடிந்துவிட்டது.

செந்தில் நோர்வேக்கு வருமுன் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒரு பாலைவன ஓரத்து நகரத்தில் வேலை செய்தவர். அந்தக் கதையை யோகத்தின் வீட்டில், அவள் சுட்ட வடையைக் கடித்தபடி சொன்னார்.

"நாங்க போன புதுசுல ஊர் சின்னதுக்கா. அந்தப் பக்கம் பூரா மணல். அப்புறம் ரோடு போட்டாங்க, வில்லா கட்டினாங்க, மால் வந்துச்சு. மணலுக்கு நடுவுல காய்ஞ்சு போன ஆத்துப் படுகை ஒண்ணு கிடந்துச்சு. அதையும் மட்டம் பண்ணி பிளாட் போட்டுட்டாங்க. தண்ணியே ஓடாத ஆத்துக்கு யாருக்கா இடம் விடுவா?"

"மறுகா?" என்றாள் யோகம்.

"என்னங்க?"

"பேந்து என்ன நடந்தது எண்டு கேக்கிறா," என்று நான் மொழிபெயர்த்தேன். அதுவும் அவருக்கு விளங்கவில்லை, 'அப்புறம்' என்று சொல்ல வேண்டியிருந்தது.

"அப்புறமா? ஒரு நாள் மழை பெஞ்சுச்சு. ஆறு வந்து அதோட இடத்தைக் கேட்டுச்சு. என் கார் தானா கிளம்பி பக்கத்துத் தெருவுக்குப் போயிருச்சு. ஒட்டகங்க எல்லாம் மேட்டுல நின்னு வேடிக்கை பாத்துச்சு."

யோகம் வடைத் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தாள். அந்த வீட்டில் மீன் பழுதான பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஊர்க்காரர் படித்துக்கொண்டார்களாம். கட்டாமல் மிஞ்சியிருந்த ஆற்றுப் படுகையைப் பூங்காவாக விட்டார்கள். வெயில் காலத்தில் பிள்ளைகள் அதில் பந்தடிப்பார்கள், மழை வந்தால் ஆறு ஓடும். வீடுகளில் குளித்துக் கழுவிய நீரைச் சுத்தப்படுத்தி வேம்பு வளர்த்தார்கள். வெயில் வரவரக் கூடியதால் நடைபாதைக்கு மேலே பந்தல் போட்டார்கள்.

"மழையே இல்லாத ஊர்ல மழைக்கு இடம் விட்டாங்கக்கா. இங்க மழையை வச்சுக்கிட்டே இடம் விடல," என்றார் செந்தில்.

உண்மைதான். எங்கள் கார் தரிப்பிடத்துக்குக் கீழே ஒரு நீரோடை இருக்கிறது. கட்டடங்கள் எழும்பிய காலத்தில் அதைப் பிடித்துக் குழாய்க்குள் விட்டிருக்கிறார்கள். குழாய் அந்தக் காலத்து மழைக்கு அளவாக வைத்தது. பிறகு மேட்டில் புதுக் கட்டடங்கள் வந்தன, பற்றைக் காடாக இருந்த இடமெல்லாம் தார் போட்டார்கள். மழையும் குணம் மாறிவிட்டது. ஆனி முழுக்கப் புல் கருகிக் கிடக்கும், பிறகு ஒரு கிழமைக்குரிய மழை ஒரே பின்னேரத்தில் கொட்டும். குழாய் என்ன செய்யும்? மிஞ்சியதை யோகத்தின் படிக்கு அனுப்பும்.

மழைப் படுக்கை

சங்கத் தலைவி பெரித் ஒரு நோர்வேஜியப் பெண். எதற்கும் பதறாதவர். செந்தில் சொன்னதைக் கேட்டுவிட்டு, கார் தரிப்பிடத்துக்கும் யோகத்தின் படிக்கட்டுக்கும் இடையில் மூன்று 'ரெயின்பெட்' அமைப்பது என்று முடிவெடுத்தார். பள்ளமாகத் தோண்டி, நீர் குடிக்கும் மண் நிரப்பி, செடி நட்ட இடம் அது. தார்த் தரையில் ஓடிவரும் நீர் அதற்குள் இறங்கி, தங்கி, மெல்ல மண்ணுக்குள் போக வேண்டும்.

வேலையை டுக்நாட்டில் செய்வதாகப் பேச்சு. டுக்நாட் என்றால் குடியிருப்பில் இருக்கிற எல்லாரும் கூடி வளவு வேலை செய்கிற நாள். கூலி கிடையாது, கோப்பியும் வாஃபலும் உண்டு. தமிழ் ஆட்களுக்கு விளங்கும்படி ஓர் அறிவித்தல் எழுதச் சொல்லிப் பெரித் என்னைக் கேட்டார். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து களைத்து வந்த நேரம். 'ரெயின்பெட்'டுக்குத் தமிழ் என்ன என்று கைபேசியிடம் கேட்டேன், அது சொன்னதை அப்படியே எழுதி மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

'சனிக்கிழமை எல்லோரும் சேர்ந்து மழைப் படுக்கை அமைப்போம்.'

அன்றிரவே ஒருவர் தொலைபேசியில், கட்டில் தருவார்களா, மெத்தையை நாங்களே கொண்டுவர வேண்டுமா என்று கேட்டார். இன்னொருவருக்கு, வெள்ளம் வந்தால் எல்லாரையும் எங்கே படுக்க வைப்பார்கள் என்ற கவலை. யோகம் படியேறி என் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"என்ன கா, முகாம் வரப்போகுதா? எனக்கு வேணாம். நான் முகாமில படுத்தது காணும், போதும்."

அவள் முகத்தைப் பார்த்ததும் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன். "அடி விசரி, படுக்கை இல்லை. பாத்தி! மழைப் பாத்தி!" என்றேன். அவள் நெற்றி உடனே விரிந்தது. "பாத்தியா? அத முதல் சொல்லுறதுக்கென்ன?" என்றாள்.

அறிவித்தலைக் கிழித்துவிட்டுப் 'பாத்தி' என்று எழுதி ஒட்டினேன். பாத்தி என்றதும் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. கொஞ்சம் கூடுதலாகவே விளங்கிவிட்டது.

வரம்பு வளர்ந்த விதம்

டுக்நாட் அன்று செந்திலுக்குக் காய்ச்சல். போர்வைக்குள் இருந்தபடி தொலைபேசியில் எனக்குச் சொன்னார். "ரொம்ப சிம்பிள்க்கா. தண்ணி வரணும், நிக்கணும், மெதுவா உள்ள போகணும்."

நான் போய் எங்கள் ஆட்களிடம் சொன்னேன். "தண்ணி நிக்கோணுமாம்."

"நிக்கிறதெண்டால் வரம்பு வேணுமே," என்றார் என் வீட்டுக்காரர். வெங்காயம் செய்த குடும்பத்துப் பிள்ளை. மண்வெட்டிக்குப் பதில் நோர்வேஜிய ஸ்பாடெயைக் கொடுத்தும் மனிதர் அசரவில்லை. பள்ளத்தைச் சுற்றி மண்ணை அணைத்து, ஸ்பாடெயின் முதுகால் தட்டித் தட்டி வரம்பு கட்டினார். நேர்கோடு பிடித்தது போல இருந்தது.

யோகம் இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். "இது வரம்பா கா? எங்கட வயல் வரம்பில ஆள் நடந்து போகும்."

விட்டுவிட முடியுமா? யாழ்ப்பாணத்து மானம் போய்விடுமே. இவர் இன்னும் ஒரு சாண் உயர்த்தினார். மட்டக்களப்பார் அடுத்த பாத்தியில் அதற்கு மேலே ஒரு சாண் உயர்த்தினார்கள். மூன்றாவது பாத்தியை இரண்டு கட்சியும் சேர்ந்து கட்டியபோது அது கோட்டை மதிலாகிவிட்டது. நோர்வேஜியர்கள் கோப்பிக் கோப்பையோடு சுற்றிவந்து, என்ன வடிவு, என்ன வடிவு என்றார்கள். பெரித் படமெடுத்தார். நீல ஐரிஸ் நட்டோம். யோகம் யாருக்கும் தெரியாமல் மூலையில் புதினாவும் நட்டாள். வாஃபலோடு அவள் கொண்டுவந்த மீன் ரோல்ஸ் பத்து நிமிஷத்தில் முடிந்தது.

எங்கள் பாத்திக்கு வாய் முதலிலேயே வெட்டி வைப்பதில்லை. அதுதான் சங்கதி. தண்ணீர் வருகிறபோது ஓர் ஆள் பக்கத்தில் நிற்பார். வரம்பைக் கொஞ்சம் வெட்டி வாய் திறந்து விடுவார், பாத்தி நிரம்பியதும் மூடி, அடுத்த பாத்திக்கு மாறுவார். தண்ணி மாறுகிறது என்று அதற்குப் பெயர். ஆகவே நாங்கள் ஒருவரும் எதையும் மறக்கவில்லை, எங்கள் முறைப்படி எல்லாம் சரி. தண்ணீர் வருகிற நேரத்தில் மாறுவதற்கு ஆள் நிற்க வேண்டும் என்பதை மட்டும் ஒஸ்லோ மழைக்கு யாரும் சொல்லவில்லை.

கரண்டி

டுக்நாட் முடிந்த சில நாளில், செந்தில் காய்ச்சல் விட்டு இறங்கிவந்து பாத்தியைப் பார்க்க முதலே மழை வந்துவிட்டது. அந்தப் பின்னேரம் நான் இவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். யன்னலில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால், கார் தரிப்பிடத்திலிருந்து தண்ணீர் குளம் உடைத்தது போல வருகிறது. வந்தது பாத்தி வரம்பில் முட்டி, உள்ளே போக வழியில்லாமல் திரும்பி, மதிலோரமாக நேரே யோகத்தின் படிக்கு இறங்குகிறது. முன்பு பரவலாக வந்த தண்ணீருக்கு நாங்களே வாய்க்கால் கட்டிக் கொடுத்திருக்கிறோம்! பாத்திக்குள்ளே ஐரிஸ் செடிகள் பத்திரமாக நின்றன.

கரண்டியை வைக்கவும் தோன்றவில்லை, அப்படியே ஓடினேன். கருவிக் கொட்டில் பூட்டு. பூட்டைத் திறக்கும் திறப்பு பெரித்திடம். அதனால்தான் சேற்றில் முழந்தாளும் கரண்டியும்.

இனி அந்த "மடையா"வுக்கு வருகிறேன்.

"மடைய திறங்கக்கா! மடைய!" என்றுதான் செந்தில் கத்தியிருக்கிறார். மழைச் சத்தத்தில் எனக்குத் 'திறங்கக்கா' கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விளங்கியிராது. எங்கள் பக்கம் மடை என்றால் சாமிக்குப் படைக்கிறது.

"வக்கடைய வெட்டு கா, வக்கடைய!" இது கீழே யோகம்.

"வாயை வெட்டும்! வசந்தி, வாயை வெட்டும்!" இது எங்கள் பல்கணியில் இருந்து என் வீட்டுக்காரர். முப்பது வருஷமாகச் சொல்ல நினைத்ததை மனிதர் ஊர் கேட்கச் சொன்னார்.

மூன்று ஊர்க்காரரும் கேட்டது ஒரே ஓர் ஓட்டையைத்தான். எங்களுக்குள் பெரிய சண்டை என்று நினைத்துப் பெரித் குடையோடு சமாதானம் செய்ய ஓடிவந்தார். நான் அவர் கையில் இருந்த குடையைப் பறித்து, அதன் நுனியால் வரம்பைக் குத்தினேன். அவர் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் குந்தி, வெறுங்கையால் மண்ணை அள்ளினார். செந்தில் தன் மகளின் கடற்கரை வாளியும் சிவப்புப் பிளாஸ்டிக் கரண்டியுமாக ஓடிவந்தார். யோகம் குப்பை அள்ளுகிற தட்டோடு படியேறினாள்.

"நீ வாசலைப் பார்!" என்று கத்தினேன்.

"வாசலப் பாத்துக்கொண்டு நிண்டா தண்ணி நிக்குமா கா?" என்று கேட்டு, மூன்றாவது பாத்தியின் மதிலில் ஒரே வெட்டு வெட்டினாள்.

முதல் வாய் திறந்தது. தண்ணீர் ஒரு நொடி தயங்கியது. பிறகு சளக்கென்று உள்ளே பாய்ந்தது. ஐரிஸ் எல்லாம் ஒன்றாகத் தலைசாய்ந்தன. அடுத்த பாத்தியும் திறந்தது, அதற்கடுத்ததும் திறந்தது. சேறும் நுரையும் இலையும் சுழன்றுகொண்டு உள்ளே போயின. நாங்கள் ஐந்து பேரும், ஆமாம், இவரும் வந்துவிட்டார், திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தோம்.

கடைசிப் படியில் தண்ணீர் நின்றது. வாசற்கட்டின் விளிம்புக்கு ஒரு விரல் கீழே. பிறகு மெல்ல, மெல்ல இறங்கியது.

யோகம் தட்டைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். இரண்டு பேர் மூக்கிலும் சேறு. "உன்ர வாயில கொஞ்சம் அந்தப் பாத்திக்குக் குடுத்திருக்கலாம் கா," என்றாள். எனக்கு அழுகை வந்தது. மழை பெய்ததால் யாருக்கும் தெரியவில்லை. இவர் மட்டும் அன்றிரவு, சோறு அள்ளிய கரண்டியைக் கழுவினீரா என்று இரண்டு தரம் கேட்டார்.

மூன்றாம் மாடி

ஞாயிற்றுக்கிழமை ஸ்ட்ரோம்மனில் விஸ்னிங். விற்கிற வீட்டை எல்லாரும் போய்ப் பார்க்கிற நேரத்தை அப்படிச் சொல்வார்கள். சுகன்யா முன்னமே பதிந்து வைத்திருந்தாள். யோகம் என்னையும் வரச் சொன்னாள். தண்ணீர் வரவில்லைதானே, பிறகு ஏன் போகிறாள் என்று எனக்குள் பொருமல். கேட்கவில்லை. நான் கேட்காமல் இருந்த அதிசயத்தை ரயிலில் ஒருவரும் கவனிக்கவில்லை.

ஞாயிறென்பதால் ஸ்ட்ரோம்மனின் பெரிய கடைத்தொகுதியும் பூட்டிக் கிடந்தது. வீடு புதுசு. வெள்ளைச் சுவர், பெரிய யன்னல், எரியவைத்த மெழுகுதிரி. எனக்கே பிடித்துவிட்டது, அதுதான் வயிற்றெரிச்சல். கூர்ச் சப்பாத்து போட்ட இளம் தரகர் சிரித்துக்கொண்டு வந்து, ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

யோகம் தன் நோர்வேஜியத்தில் கேட்டாள். நான் தமிழில் தருகிறேன்.

"மழை பெய்ஞ்சா தண்ணி எங்க போகும்?"

தரகர் சிரித்தார். இது மூன்றாம் மாடி, இங்கே தண்ணீர் வரவே வராது என்றார்.

"இஞ்ச வராதெண்டு எனக்குத் தெரியும். இஞ்ச வராத தண்ணி ஆர்ர வீட்டுக்குப் போகும்?"

தரகர் கையில் இருந்த தாளைப் பார்த்தார். யன்னலைப் பார்த்தார். யோகமும் யன்னலடியில் போய் நின்று கீழே பார்த்தாள். நானும் பார்த்தேன். முற்றம் முழுக்கத் தார். அது ஒரு கீழ்வீட்டை நோக்கிச் சரிந்திருந்தது. அந்த வீட்டு வாசலில் ஒரு சின்னச் சைக்கிளும் மஞ்சள் மழைச்சப்பாத்துகளும் கிடந்தன.

யோகம் சுகன்யாவின் கன்னத்தைத் தடவி, "வடிவான வீடு மகள். வேற ஆரும் வாங்கட்டும்," என்றாள். பிறகு தரகரிடம் திரும்பி, கீழே இருக்கிற ஆட்களுக்குச் சொல்லு, ஒரு பாத்தி வெட்டச் சொல்லு, செய்து காட்ட நாங்கள் வருவோம் என்றாள். பாத்திக்கு மட்டும் அவளுக்கு நோர்வேஜியச் சொல் வரவில்லை. 'பாத்தி' என்றே சொன்னாள். அந்தத் தரகப் பிள்ளை அதைத் தாளில் எழுதிக்கொண்டது.

திரும்பி வருகிற ரயிலில் நான் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். கண் கலங்கியதை அவள் பார்த்துவிட்டால் ஆயுள் முழுக்கச் சொல்லிக் காட்டுவாள்.

"வசந்தி."

"ம்."

"நாளைக்குப் பெரித்திட்டக் கொட்டில் திறப்ப வாங்கு கா. மேல் பக்கத்தில இன்னொரு வக்கடை வெட்டோணும்."

"வாய்," என்றேன்.

"வக்கடை."

அம்மருட் வரும்வரைக்கும் விடாமல் சண்டை பிடித்தோம்.